வெள்ளிக் கிண்ணத்தில் ரவை

டன்லப் ஸ்திரீட், சிங்கப்பூர்
20-2-1962

பினாங்கில் இருக்கும் என் ஆயிஷா லாத்தாவுக்கு,

ஸலாம். இங்கே வாப்பா சுகம், ருக்கையா மாமி சுகம், நான் வழக்கம்போல் ஊசியும் கையுமாகச் சுகம். நீயும் மச்சானும் பாத்திமாக் குட்டியும் சுகம் என்று நானே எழுதிக்கொள்கிறேன். உன் கடிதம் வந்து மூன்று மாதமாகிறதே.

நோன்பு பாதி ஓடிவிட்டது. ஊசி போட்டுக்கொண்டு பட்டினி கிடக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதால், இந்த வருடமும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பகலில் சாப்பிடுகிறேன். யாராவது கேட்டால் நான் நோன்பு என்று மாமி சொல்லிவிடுகிறாள். நோன்பு வைத்துக்கொண்டு பொய் சொல்கிறாயே, பாவம் உனக்கா எனக்கா என்று கேட்டேன். தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்குச் சம்மந்தம் வந்திருக்கிறது. சிரிக்காதே. மாப்பிள்ளை பெயர் அப்துல் முத்தலிப். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி, காத்தோங்கில் வீடு. தகப்பனார் இல்லை, தாயார் உம்மு சல்மா வைத்ததுதான் சட்டம். ஒரு கல்யாண வீட்டில் என்னைப் பார்த்திருக்கிறார்கள், பிடித்துவிட்டதாம். பெருநாள் கழித்து மார்ச் 25, ஞாயிற்றுக்கிழமை சீனி போட வருகிறார்கள்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பெண் வீட்டுச் சீனியை மாப்பிள்ளையின் தாய் எடுத்துப் பெண் வாயில் போட்டால் பேச்சு முடிந்தது என்பது நம் வழக்கம். பெண்ணுக்கோ ஒன்பது வயதிலிருந்து இனிப்புநீர் வியாதி. பதினோரு வருடமாகக் காலையில் ஊசி போட்டுக்கொண்டுதான் முதல் வாய்ச் சோறு.

அவர்களிடம் முன்னாலேயே சொல்லிவிடுவோம் என்றேன். வாப்பா தாடியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, ஆயிஷாவைக் கேட்டு எழுது, அவள் சொல்கிறபடி செய்வோம் என்றார். அதனால்தான் இந்தக் கடிதம். உன் கல்யாணத்தன்று என்னைப் பின்கட்டு அறையில் வைத்து, வயிற்றுவலி என்று எல்லோரிடமும் சொன்னீர்களே, எனக்கு அது மறக்கவில்லை. அன்று ஊசித் தட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியது நீதான். என் கல்யாணத்தில் நான் கட்டிலுக்கு அடியில் எதையும் தள்ளப்போவதில்லை. சரி என்று ஒரு வரி எழுது.

சம்சுன்னிசா


சூலியா ஸ்திரீட், பினாங்கு
27-2-1962

என் அருமைத் தங்கை சம்சுவுக்கு லாத்தாவின் துஆ.

சம்மந்தச் செய்தி கேட்டு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அடுத்த பத்தியைப் படித்ததும் அதே வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டாய்.

நீ ஏன் எப்போதும் அவசரக்குடுக்கையாகவே இருக்கிறாய்? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்து வை என்கிறார்கள். நான் உன்னை ஒரே ஒரு பொய்கூடச் சொல்லச் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு இரு, அவ்வளவுதான். நிக்காஹ் முடிந்து நாலு மாதம் போனால் உன் குணம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அப்புறம் மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

என்னையும் கொஞ்சம் நினைத்துப் பார். உம்மு சல்மாவின் தங்கை இங்கே பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறாள். அங்கே நீ வாயைத் திறந்தால் ஒரே வாரத்தில் என் மாமியார் காதுக்கு வந்துவிடும். இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருடமாகிறது. தங்கைக்கு அப்படி ஒரு வியாதி என்று இவர்களுக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தால், இத்தனை நாள் மறைத்தாயே, உன் ரத்தத்திலும் இருக்கிறதா, என் பேத்தி ரத்தத்திலும் இருக்கிறதா என்று கேட்பார்கள். நான் எந்த முகத்தோடு பதில் சொல்வேன்?

உம்மா போனபிறகு உன்னை வளர்த்தவள் நான். முதல் ஊசியை உனக்குப் போடுமுன் என் தொடையில் குத்திப் பார்த்தவள் நான். அந்த உரிமையில் சொல்கிறேன், சொல்லாதே.

பாத்திமா நாலு வயதுக்கு வாய் ஓயாமல் பேசுகிறாள். பினாங்கு வெயில் பொல்லாததாக இருக்கிறது, குழந்தை எந்நேரமும் தண்ணீர் தண்ணீர் என்கிறாள். மற்றபடி சுகம்.

ஆயிஷா


சிங்கப்பூர்
12-3-1962

லாத்தாவுக்கு,

பெருநாள் நல்லபடி கழிந்தது. வாப்பா எனக்குப் பச்சைப் பட்டு எடுத்துக் கொடுத்தார், நானே ரவிக்கை தைத்துக்கொண்டேன். மாமி வட்லாப்பம் செய்து என் கண்ணில் படாமல் அலமாரி மேல் ஒளித்து வைத்தாள். வாசனையை எந்த அலமாரியில் வைப்பாளாம்?

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறாய். ஆனாலும் உன் தொடையில் குத்திப் பார்த்த கதையை நீ இழுத்துவிட்டபிறகு நான் என்ன பேச முடியும்?

எனக்குப் பன்னிரண்டு வயதில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? தினமும் காலையில் சிறுநீர் சோதித்து நிறத்தை நோட்டில் எழுதச் சொல்லியிருந்தார்கள். சீனி இல்லையென்றால் நீலம். ஏற ஏறப் பச்சை, மஞ்சள், கடைசியில் செங்கல் நிறம். நான் மூன்று வாரம் சோதிக்காமலேயே நீலம், நீலம், நீலம் என்று எழுதினேன். பள்ளிக்கூட வாசலில் சீனிப்பாகு ஊற்றிய ஐஸ் கச்சான் வாங்கித் தின்றுகொண்டிருந்தேன். ஒருநாள் நீயே குழாயைக் காய்ச்சிப் பார்த்தாய். செங்கல். என் கன்னத்தில் ஒன்று விட்டாய், பிறகு நீதான் உட்கார்ந்து அழுதாய். மறைத்தால் செத்துப்போவாய் என்று சொன்னாய். அன்று சொன்னதும் நீ, இன்று மறை என்று எழுதுவதும் நீ.

இருக்கட்டும். உனக்காக 25ஆம் தேதி வாயைத் திறக்கமாட்டேன். சீனி போட்டுவிட்டுப் போகட்டும். ஒரு சிட்டிகைச் சீனியால் எனக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் நிக்காஹுக்கு முன்னால் அவருக்குச் சொல்லியாகவேண்டும். இதற்குமேல் நான் இறங்கிவரமாட்டேன்.

குழந்தை தண்ணீர் கேட்பது பகலில் மட்டுமா?

சம்சு


பினாங்கு
17-3-1962

சம்சுவுக்கு,

நல்ல பிள்ளை. நிக்காஹுக்கு முன்னால் பின்னால் என்பதை அப்புறம் பேசிக்கொள்வோம். சீனியைப் பற்றியும் நீ கவலைப்படாதே. ருக்கையா மாமிக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன், அவள் பார்த்துக்கொள்வாள். நீ தலையைக் குனிந்து உட்கார்ந்திரு, போதும். தலைமுடியை இறுக்கிப் பின்னாதே, உன் நெற்றி ஏற்கெனவே அகலம்.

குழந்தைக்கு ஒன்றுமில்லை. வெயில்தான். அதை இனிமேல் கேட்காதே.

ஆயிஷா


சிங்கப்பூர்
26-3-1962

லாத்தா,

ரவை யாருடைய யோசனை?

நேற்று என்ன நடந்தது என்று வரிசையாக எழுதுகிறேன். பக்கத்துத் தெருக்காரி சொல்லி நீ கேட்பதற்குமுன் என் கையால் எழுதியது வந்து சேரட்டும்.

அவர்கள் பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் ஏழு மணிக்கு ஊசி போட்டுக்கொண்டு இரண்டு இடியாப்பம் சாப்பிட்டேன். பத்து மணியிலிருந்து கொட்டோ கொட்டென்று மழை. கேலாங்கில் தண்ணீர் நின்று, அவர்கள் வந்து சேர ஒன்றரை ஆகிவிட்டது. பெண்ணானவள் விருந்தாளிகளுக்கு முன்னால் சாப்பிடக்கூடாது என்று மாமி எனக்கு எதுவும் தரவில்லை. இப்படி ஆகுமென்று பயந்து நான் கைக்குட்டையில் இரண்டு சீனிக்கட்டியை முடிந்து இடுப்பில் செருகியிருந்தேன். உடுத்திவிடும்போது மாமி அதைக் கண்டுபிடித்துவிட்டாள். இன்றைக்குக்கூடத் திருட்டுத் தீனியா என்று பிடுங்கி எறிந்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. சீனி எனக்கு விஷம் என்றுதான் பதினோரு வருடமாக அவளுக்குச் சொல்லியிருக்கிறோம். ஊசிக்குப்பின் பட்டினி கிடந்தால் அதே சீனிதான் மருந்து என்று நீயும் நானும் அவளுக்குச் சொன்னதே இல்லை.

அந்த நடுக்கம் உனக்குத் தெரியும். முதலில் உதடு மரத்தது. பிறகு வியர்வை. நடுவீட்டில் பதினொரு பெண்களுக்கு மத்தியில் பச்சைப் பட்டு நனைய உட்கார்ந்திருந்தேன். சீனி வரப்போகிறது, சீனி வரப்போகிறது என்று அந்த வெள்ளிக் கிண்ணத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் பெண்ணும் தன் நிச்சயத்துக்கு அப்படி ஆசைப்பட்டிருக்கமாட்டாள்.

உம்மு சல்மா பிஸ்மி சொல்லிக் கிண்ணத்தில் கைவிட்டு என் வாயில் போட்டார்கள். மண் மாதிரி இருந்தது. மென்றேன், இனிக்கவில்லை. எனக்கு நாக்கும் போய்விட்டதோ என்று பயந்துவிட்டேன்.

அவர்கள் விரலில் ஒட்டியிருந்ததை வழக்கம்போல் தன் வாயில் வைத்துக்கொண்டார்கள். முகம் மாறியது.

"இது என்ன, ரவையா?"

மாமி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு அப்போது மானம் ரோஷம் எதுவும் இல்லை. "சீனி குடுங்க, சீக்கிரம் சீனி குடுங்க" என்று கத்திவிட்டேன். ஒருவரும் அசையவில்லை. நானே எழுந்து, விழுந்து, சமையலறைக்குப் போய் டின்னிலிருந்து கைநிறைய அள்ளித் தின்றேன். பத்து நிமிடம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். கண் தெளிந்து பார்த்தால் பதினொரு பெண்களும் வாசற்படியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? ஒன்பது வயது, ஊசி, நிறம், நோட்டு எல்லாவற்றையும் தரையில் உட்கார்ந்தபடியே சொன்னேன். உனக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன், ஆனால் எனக்கு வருத்தமில்லை.  உம்மு சல்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்கள். ஆக்கிவைத்த பிரியாணியில் கை வைக்காமல் எல்லோரும் போய்விட்டார்கள்.

வாப்பா உள்ளே வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். ஒரு தட்டை எடுத்துச் சோறு போட்டு என் முன்னால் வைத்து, "மொதல்ல சாப்பிடு" என்றார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

மாமி நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. கேட்டால் அழுகிறாள், யார் சொன்னது என்று வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள். அதனால் உன்னைக் கேட்கிறேன்.

சம்சுன்னிசா


பினாங்கு
31-3-1962

சம்சு,

அடிப்பதென்றால் என்னை அடி. ருக்கையா மாமியை ஒன்றும் சொல்லாதே. ரவை என் யோசனைதான். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், யாருக்கும் தெரியாது, உனக்கும் கெடுதல் இல்லை என்று பெரிய புத்திசாலிபோல எழுதினேன். பசியோடு உட்கார்ந்திருப்பாய் என்பதை யோசிக்கவில்லை. உன்னை ஐந்து வருடம் பார்த்துக்கொண்ட எனக்குத் தெரியாததா அது? இந்த வீட்டுக்கு வந்தபிறகு எல்லாவற்றையும் மறக்கவே முயன்றுகொண்டிருந்தேன். உன் கடிதத்தைப் படித்து, நீ தரையில் கிடந்த இடத்தை நினைத்து, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்?

குழந்தை தண்ணீர் கேட்பது பகலில் மட்டுமல்ல. தூக்கத்திலும் எழுந்து கேட்கிறாள். உனக்கு வியாதி வந்ததை முதலில் எப்படிக் கண்டோம்? குளியலறைத் தரையில் உன் நீர் விழுந்த இடத்தில் எறும்பு மொய்த்திருந்தது. நாலு மாதமாகத் தினமும் காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து இந்த வீட்டுக் குளியலறைத் தரையைத்தான் பார்க்கிறேன். எறும்பு இருக்கும், பினாங்கில் எங்கேதான் எறும்பு இல்லை? உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுகிறேன், மாமியார் பார்க்கக்கூடாது என்று. முதலில் உனக்கு மூன்று மாதம் கடிதம் போடாததும் இதனால்தான். நீ கேட்டுவிடுவாய் என்று பயந்தேன். நீயும் கேட்டாய்.

சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பார்க்காதவரை இல்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். அன்று உன்னைக் கன்னத்தில் அடித்தவள் இன்று உன்னைவிட மோசமாக நோட்டு எழுதுகிறேன்.

காத்தோங்கிலிருந்து ஏதாவது செய்தி வந்ததா?

ஆயிஷா


சிங்கப்பூர்
19-4-1962

என் லாத்தாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். குழந்தை விஷயத்தைப் படித்தபிறகு கோபம் எங்கே நிற்கும்? நாலாவது தாள் எழுதுவதற்குள் இங்கே ஒரு கூத்து நடந்து, எல்லாம் தள்ளிப்போய்விட்டது.

மூன்று வாரம் காத்தோங்கிலிருந்து மூச்சுப் பேச்சில்லை. வாப்பா கடைக்குப் போனார், வந்தார். சரி, இது முடிந்தது என்று நான் என் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வாசலில் டிரைஷா வண்டி வந்து நிற்கிறது. இறங்கியது உம்மு சல்மா, தனியாக. மாமி அவர்களைக் கண்டதும் பின்கட்டுக்கு ஓடிவிட்டாள்.

ஊசி போட்டாச்சா என்று கேட்டார்கள். போட்டாச்சு என்றேன். சாப்பிட்டாச்சா என்றார்கள். சாப்பிட்டாச்சு என்றேன். அப்ப பேசலாம் என்று உட்கார்ந்தார்கள். நீர் சோதிப்பது எப்படி என்று கேட்டார்கள், விளக்கேற்றிக் காட்டினேன். அன்று மஞ்சள். மஞ்சள் என்றால் என்ன என்று கேட்டார்கள். நேற்று சோறு கொஞ்சம் கூடிவிட்டது என்று அர்த்தம் என்றேன். பிள்ளை பிறக்குமா என்று நேராகக் கேட்டார்கள். கஷ்டம், கவனமாகப் பார்த்துக்கொண்டால் நடக்கலாம் என்றுதான் டாக்டர் சொல்கிறார், நான் சத்தியம் செய்து தரமுடியாது என்றேன்.  எனக்கு உள்ளங்கை வேர்த்தது, இந்தத் தடவை வெறும் பயத்தில்தான்.

பிறகு சொன்னார்கள், வார்த்தைக்கு வார்த்தை எழுதுகிறேன்.

"நோவு ஆண்டவன் குடுக்குறது புள்ள. அதுக்கு நான் கோவிச்சுக்கல. சீனின்னு சொல்லி என் கையாலேயே ரவைய போடவச்சீங்களே, அதுதான் மூணு வாரமா தொண்டையில நிக்குது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்று வீட்டுக்குப் போனதும் அவர்கள் மகன் கேட்ட முதல் கேள்வி, அந்தப் பெண்ணுக்குச் சீனி கிடைத்ததா இல்லையா என்பதாம். அப்படியே விட்டுவிட்டா எழுந்து வந்தீர்கள் என்று தாயாரோடு ஒரு வாரம் பேசவில்லையாம். முத்தலிப்பின் முகத்தை நான் இன்னும் சரியாகப் பார்த்ததில்லை லாத்தா. ஆனால் இதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாமியைக் கூப்பிட்டு அதே வெள்ளிக் கிண்ணத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். மாமி கொண்டுவந்தாள். உம்மு சல்மா முதலில் ஒரு சிட்டிகையைத் தன் வாயில் போட்டு நன்றாகச் சுவைத்துப் பார்த்தார்கள். "சீனிதான்" என்றார்கள். அப்புறம்தான் எனக்குப் போட்டார்கள். வாப்பா முன்னறையில் வெடித்துச் சிரித்த சத்தம் கேட்டது. அவர் அப்படிச் சிரித்து எத்தனை வருடமாயிற்று!

நிக்காஹ் ஜூன் மாதம். மறைக்க எதுவும் இல்லாமல் ஒரு வீட்டுக்குப் போகப்போகிறேன் என்று நினைக்கும்போதே உடம்பு லேசாக இருக்கிறது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்.

இப்போது உன் விஷயம். மருந்துக்கடையில் நீர் சோதிக்கிற நீல மருந்து என்று கேள், கொடுப்பார்கள். குழாயில் ஒரு தேக்கரண்டி மருந்து, குழந்தையின் நீர் எட்டுச் சொட்டு. எட்டுதான், கை நடுங்கிப் பத்தாக்கிவிடாதே. கொதிக்கவிட்டு ஆறட்டும். நிறம் எதுவானாலும் எனக்கு எழுது. செங்கலானாலும் எழுது. எனக்கும் ஒன்பது வயதில் செங்கல்தான், இருபது வயதில் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். உன் மாமியாரிடம் நீயே சொல்லிவிடு. ஆறு வருடமாக ரவை போட்டாயிற்று, போதும்.

சம்சு


பினாங்கு
28-4-1962

என் சம்சுவுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. இரண்டு நாள் மருந்து போத்தலைத் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். புதன்கிழமை காலையில் குழந்தையின் நீரைப் பிடித்து, அடுப்படியில் விளக்கேற்றி, எட்டுச் சொட்டு எண்ண ஆரம்பித்தேன். மூன்றுக்குமேல் எண்ண முடியவில்லை, கை அப்படி ஆடியது. பின்னால் நின்று மாமியார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என்ன காய்ச்சுகிறாய் என்று கேட்டார்கள்.

சொல்லிவிட்டேன். உன்னைப் பற்றி, உன் ஊசியைப் பற்றி, எறும்பைப் பற்றி, எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சொன்னேன். பூமி பிளக்கும் என்று காத்திருந்தேன். அவர்கள் குழாயை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். "நீ எண்ணு, நா ஊத்துறேன்" என்றார்கள்.

கொதித்த குழாயை அவர்கள்தான் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். எனக்குக் கண்ணைத் திறக்கத் தைரியமில்லை. ஊற்றும்போது இருந்த நிறந்தானே இருக்கிறது, இன்னும் கொதிக்கணுமா என்று கேட்டார்கள். நான் அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறைத்ததற்கு அன்று முழுவதும் திட்டு வாங்கினேன். மறுநாளும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. திட்டு முடிந்ததும், ஊறுகாயை ஒளித்துவைத்தால் குழந்தையின் தண்ணீர்த் தாகம் தானாக நிற்கும் என்றார்கள். பாத்திமா ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு தின்கிறாள் என்பது எனக்கு மட்டும் தெரியவில்லை, தினமும் தரையைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜூனில் நாங்கள் எல்லோரும் வருகிறோம், மாமியாரும் வருகிறார்கள். உன் ஊசித் தட்டை நடுவீட்டில் வை. நிக்காஹ் அன்று காலையில் நான்தான் போட்டுவிடுவேன், சாப்பிடவைப்பதும் நான்தான்.

வியாழன், வெள்ளி, இன்று சனி, மூன்று நாளும் மறுபடி பார்த்தேன். இருபது காசுக்கு ஒரு நோட்டு வாங்கி, தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். நீலம், நீலம், நீலம், நீலம். நீ பன்னிரண்டு வயதில் எழுதினாயே, அந்த நீலமில்லை சம்சு. பார்த்து எழுதினது.

உன் லாத்தா
ஆயிஷா